மேட்டுக்காட்டுக் கல்வட்டங்கள்

கொங்குப் பகுதியில் தொல்லியல் மேற்பரப்பு ஆய்வுக்குப் போனால் ஊர்ப் பெரியவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்க ஊர்ல எந்தக் காடுங்க வெள்ளாமைக்கு ஆகாது?" என்பதுதான். அவர்கள் கைகாட்டும் மேட்டுக்காட்டில்தான் பெரும்பாலும் கல்வட்டங்கள், அதாவது இறந்தவர்களை வைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள், இருக்கும். சரளை மண், அடியில் பாறை, பக்கத்தில் ஒரு கரடு அல்லது ஓடை. இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு அப்படிப்பட்ட நிலத்தைத்தான் ஒதுக்கினார்கள். பயிர் விளையும் மண் உயிரோடு இருப்பவர்களுக்கு வேண்டும். ஈமச்சின்னம் கட்டக் கல்லும் மேட்டிலேயே கிடைத்தது. உழவுக்கு ஆகாத நிலம் என்பதால் 2,000 ஆண்டுகளுக்கு மேல் அங்கே பெரிதாக யாரும் கைவைக்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. கிராவல் அள்ள, வீட்டுமனை பிரிக்க, சோலார் பேனல் நிறுத்த என்று எதற்கு இடம் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது அதே மேட்டுக்காடுதான். ஒரு பொக்லைன் அரை நாளில் ஒரு ஈமக்காட்டையே சமப்படுத்திவிடும். இதைச் செய்பவர்களில் பலருக்கு அங்கே இருந்தது என்னவென்றே தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும்? பாதி மண்ணில் புதைந்த உருண்டைக் கற்கள் வட்டமாக நிற்கும். வட்டத்தின் நடுப்பகுதி சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் மேடாக, சிறு கற்கள் குவிந்து கிடக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது இந்த மேடு நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் தேடினால் தவறவிட்டுவிடுவோம். மேலே இருந்த கற்குவியல் கரைந்துபோன இடத்தில் நான்கு பலகைக் கற்களின் விளிம்பு மட்டும் மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கற்பதுக்கை, இறந்தவர்களுக்காக மண்ணுக்குள் பலகைக் கற்களால் கட்டிய பெட்டி போன்ற அறை. கொங்குப் பகுதியில் பல பதுக்கைகளில் ஒவ்வொரு பலகையும் அடுத்ததைத் தாண்டி நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். இப்படி வைத்தால் வெளியே இருந்து மண் எவ்வளவு அழுத்தினாலும் பலகைகள் உள்பக்கம் சரியாது. ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், இடுதுளை என்னும் ஓட்டை இருக்கும். மேலே ஒரு மூடுகல். தரைக்கு மேலேயே வீடு போல நின்றால் அது கல்திட்டை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். தென் மாவட்டங்களில் கல்லே தெரியாமல் தாழி என்னும் பெரிய மண்பானை மட்டும் புதைந்திருக்கும். ஆதிச்சநல்லூரும் சிவகளையும் அப்படிப்பட்ட இடங்கள்.

பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஊர் பெயர் உண்டு. வயதாகியும் சாகாதவர்களை உயிரோடு தாழியில் வைத்தார்கள் என்ற கதையும் எல்லா ஊரிலும் உண்டு. குழந்தைகளின் எலும்பும் இளவயதினரின் எலும்பும் தாழிகளில் கிடைத்திருக்கும்போது அந்தக் கதை நிற்காது. உடலை முதலில் வெளியே வைத்துவிட்டு, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்த தாழிகளும் நிறைய உண்டு.

கதைகளால் பெரிய கெடுதல் இல்லை. புதையல் ஆசைதான் கெடுக்கிறது. இடுதுளை வழியாகக் கையை விட்டு, மூடுகல்லைக் கடப்பாரையால் நெம்பி, உள்ளே பானைகளைத் தவிர ஒன்றும் இல்லை என்ற கோபத்தில் அவற்றையும் உடைத்துப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் 2,220 சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவற்றில் இருப்பது கருப்பு சிவப்புப் பானைகள், பானையை நிறுத்தி வைக்கும் புரிமனைகள், துருவேறிய இரும்பு வாளோ அம்பு முனையோ, கொஞ்சம் எலும்பு, அவ்வளவுதான். விற்கப் போனால் காசு தேறாது.

அதே பானை இருந்த இடத்தில் இருந்தபடியே கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் இருக்கிறது. 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. ஒரு பதுக்கைக்குள் நான்கு கால் வைத்த ஜாடி ஒன்று. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதே பதுக்கையில் 'வயிர' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்து பொறித்த புரிமனை. நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. தமிழி எழுத்து அசோகர் காலத்துக்கு (கி.மு. மூன்றாம் நூற்றாண்டு) முந்தையதா என்ற விவாதத்தில் இந்த நெல் பெரிய சான்றாகிவிட்டது. அறிஞர்களில் சிலர் இதை ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. ஆனால் நெல்லும் எழுத்தும் ஒரே அறையில் கலையாமல் இருந்ததால்தான் விவாதிக்கவே முடிகிறது. யாராவது முன்பே புகுந்து ஜாடியைக் கவிழ்த்து நெல்லைக் கொட்டியிருந்தால், மிஞ்சியிருப்பது ஒரு பழைய ஜாடி மட்டும்தான்.

சரி, தங்கள் நிலத்தில் இப்படி ஏதாவது இருப்பது தெரிந்தும் ஊர்க்காரர்கள் ஏன் அரசிடம் சொல்வதில்லை? ஒரு விவசாயி என்னிடம் நேராகவே கேட்டார்: "சொன்னா காட்டப் புடுங்கிக்குவீங்கல்லங் சார்?" நியாயமான பயம்தான். தகவல் சொன்னதாலேயே பட்டா நிலம் கைமாறிவிடாது. கீழடியில் தோப்பு உரிமையாளர்களின் சம்மதம் வாங்கித்தான் குழி போட்டார்கள், பல குழிகளை வேலை முடிந்ததும் மூடினார்கள். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வேண்டுமென்றால்கூட, முதலில் அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அதேசமயம், கிடைத்த பொருளை மறைப்பது குற்றம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியையோ பேனாவையோ வைத்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். போனில் லொகேஷனையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவவே கழுவாதீர்கள். நெல்லும் எலும்புத் துணுக்கும் அந்த மண்ணில்தான் இருக்கும். தாழியைத் தூக்கவும் வேண்டாம். சுற்றியுள்ள மண்தான் அதைத் தாங்கி நிற்கிறது, அசைத்தால் பிளந்துவிடும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர், அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் இவர்களில் யாரிடம் சொன்னாலும் போதும். எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராவல் குவாரிக்கு விண்ணப்பம் வந்தால் வருவாய்த் துறையினர் இடத்தைப் பார்வையிட வருவார்கள். கல்வட்டம் இருக்கிறதென்று ஊர்க்காரர்கள் அப்போதே காட்டிவிட வேண்டும். அனுமதி கொடுத்து, லாரி ஓட ஆரம்பித்த பிறகு எங்களுக்குப் போன் வருகிறது; நாங்கள் போய்ச் சேரும்போது அளந்து வரைவதற்கு வட்டம் இருப்பதில்லை.