ஈ.ஈ.ஜி. அறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி

"அக்கா, நான் நினைப்பதெல்லாம் இதில் தெரிந்துவிடுமா?"

மனநல மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி. என்னும் மூளை அலைப் பதிவு எடுக்கும் என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். சிலருக்குக் கண்ணிலேயே கேள்வி நிற்கிறது. நினைப்பது எதுவும் இதில் தெரியாது. உங்கள் ரகசியம் எதையும் இந்த இயந்திரம் படிப்பதில்லை. உள்ளே மின்சாரம் செலுத்துவதும் இல்லை. மூளையின் நரம்பணுக்கள் உண்டாக்கும் மின்னழுத்தம் தலைத்தோலுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுதான் இருக்கும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோவோல்ட். அதைப் பெருக்கிக் கோடுகளாகக் காட்டுவதோடு இயந்திரத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை நாடாவால் அளந்து, 10, 20 சதவீத இடைவெளிகளில் பென்சிலால் புள்ளி வைப்பேன். முடியை விலக்கி, அந்த இடத்தைத் துடைத்து, பசை வைத்து மின்முனைகளை ஒட்ட வேண்டும். காதுகளில் வைப்பதையும் சேர்த்து வழக்கமாக 21. பிறகு கண்களை மூடச் சொல்வேன். பின்தலைக் கோடுகளில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் சீராக எழும். கண் திறந்ததும் அடங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. 1924-இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கரும் ஒரு மனநல மருத்துவர்தான்.

பாடத்தில் கவனமே இல்லை என்று ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொன்னேன். பாதியில் மூச்சை மறந்து, எங்கோ பார்த்தபடி நின்றுவிட்டான். திரையில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனை அலைகள். பத்து நொடிகூட ஆகியிருக்காது. ஒன்றும் நடக்காததுபோல மறுபடி மூச்சு விடத் தொடங்கினான். அது வலிப்பின் ஒரு வகை. அத்தனை நாளும் அவன் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறான்.

இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. மருத்துவரைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டோடு என்னிடமே திரும்பி வந்தார் ஒரு தாய். "எல்லாம் நார்மல் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் இவள் நடிக்கிறாளா?" மகள் பக்கத்திலேயே நின்றாள், அவள் முடியில் பசைகூட இன்னும் காயவில்லை. மனச்சோர்வையும் பதற்றத்தையும் இந்தக் கோடுகளை வைத்து உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. வலிப்பு உள்ளவர்களுக்கே சில சமயம் அரை மணி நேரப் பதிவு நார்மலாகவே வந்துவிடும். மருத்துவர் இந்தப் பரிசோதனையை எழுதுவது பெரும்பாலும் வலிப்போ, மூளை அழற்சியோ, வேறு உடல் கோளாறோ மனநோய்போலத் தோன்றுகிறதா என்று பார்க்கத்தான். உட்கார வைத்து இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னேன். மகளின் வேதனை பொய்யில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

பரிசோதனைக்கு வருபவர்கள் முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வாருங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியல் போதும். பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் தாடைத் தசையின் மின்னோட்டம் மூளை அலைகளை மறைத்துவிடும். நீங்கள் தளரும்வரை நான் காத்திருப்பேன்.