செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டர்: விலையா, எண்ணெயா?

"கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் டர்ட் பைக் ஓட்டுகிறோம். விலை குறைந்த ஏர் ஃபில்டர் போதுமா, பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டுமா?" என்று காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. எஞ்சினைத் தேய்ப்பதோ பெரும்பாலும் அதிலிருக்கும் குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை 7. சாதாரண எஃகையே கீறிவிடும். 200 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடினால் நிமிடத்துக்கு 3000 முறை காற்றை இழுக்கும். கணக்குப்படி சுமார் 600 லிட்டர். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். காற்றோடு வரும் புழுதியை ஃபில்டர்தான் தடுக்க வேண்டும்.

சரி, பஞ்சு போன்ற ஃபோமால் ஆன ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகள் கண்ணுக்கே தெரியும். புழுதி அதைவிடப் பல மடங்கு சிறியது. பிறகு எப்படிச் சிக்குகிறது? இங்கே நடப்பது சல்லடை வேலையே இல்லை. ஃபோமின் உள்ளே நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. காற்று ஒவ்வொரு நாரையும் சுற்றி வளைந்து போய்விடும். எடையுள்ள துகளால் அப்படி வளைய முடியாது. பஸ் சட்டென்று திரும்பும்போது நின்றிருப்பவர் வெளிப்பக்கம் சாய்வது போல, அது நேரே போய் நாரில் மோதுகிறது. நார் உலர்ந்திருந்தால் துள்ளிக் காற்றோடு போய்விடும். எண்ணெய் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நடப்பதுதான் அழகு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நாரிலுள்ள எண்ணெய் நுண்புழை விசையால் ஒட்டிய துகளின் மேலும் ஏறி அதை நனைக்கிறது. இப்போது அந்தத் துகளும் பசையாகி அடுத்ததைப் பிடிக்கிறது. எண்ணெய் மீதமிருக்கும் வரை, பிடிபட்ட புழுதியே புழுதியைப் பிடிக்கும்!

மிக நுண்ணிய துகள்கள் காற்று மூலக்கூறுகள் மோதி அலைக்கழிந்து நாரில் முட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட, 0.3 மைக்ரான் அளவிலான துகள்கள்தான் அதிகம் தப்பும். நல்லவேளை, எஞ்சினைக் கீறுவதில் அவற்றின் பங்கு குறைவு.

இனி விலை. நல்ல ஃபில்டரில் துளைகள் ஒரே சீராக இருக்கும். வெளியே பரும்படி ஃபோம், உள்ளே நெருக்கமான ஃபோம் என்று இரண்டு அடுக்கு. விளிம்பு தடிமனாக, பைக்கில் ஃபில்டர் உட்காரும் பெட்டியில் இறுக்கமாகப் பொருந்தும். மட்டமானதில் துளைகள் தாறுமாறு. எங்கே பெரிய துளையோ அங்கேதான் காற்று அதிகம் பாயும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசையும் விட்டுப்போகும். ஆனாலும் உலர்ந்த விலையுயர்ந்த ஃபோமைவிட, எண்ணெய் ஊறிய மலிவான ஃபோமே மேல். என்னைக் கேட்டால் நல்லதாகவே இரண்டு வாங்கி, ஒன்றை எண்ணெய் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆயில் வழிந்து அடியில் தேங்கிவிடும். ஃபோமுக்கென்றே விற்கும் பிசுபிசுப்பான எண்ணெய் வேண்டும். தாள் ஃபில்டருக்கு எண்ணெய் ஆகாது.

ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற முறை இருக்கிறது. அந்தச் சோதனையில் கிடைக்கும் அளவை, ஃபில்டர் விற்கும் அட்டைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பது என் ஆசை. சோதனைப் புழுதியாக அரிசோனா பாலைவன மண் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. நம் கண்மாய்ப் புழுதியை வைத்தும் சோதிக்க யாராவது நிதி தர வேண்டும். ஆய்வகமும் பல்கலைக்கழகமும் இருக்கும் காரைக்குடியிலேயே அதைச் செய்யலாம்.

அதுவரை ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். ஓட்டி முடித்ததும் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் ஒட்டினால் முதலில் விளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அங்கே கிரீஸ் தடவுங்கள். மறுபடியும் ஒட்டினால், என்ன விலை கொடுத்திருந்தாலும் அந்த ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.