எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது?

மணல், தானியம் போன்ற மணிகளின் அசைவைக் கணினியில் கணக்கிடும் துகள் சிமுலேஷனில், பக்கத்து மணிகளைத் தேட உதவும் பெட்டியின் அளவு எவ்வளவு, கலத்தின் சுவரைத் தட்டைத் துண்டுகளால் அமைக்கும் மெஷ்ஷின் அளவு எவ்வளவு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். ஆனால் முதலாவது, சரியாகப் பயன்படுத்தினால், வேகத்தைத்தான் மாற்றும், இரண்டாவது விடையையே மாற்றும்.

பீட்டர் கண்டால் (Cundall), ஓட்டோ ஸ்ட்ராக் (Strack) இருவரும் 1979-ல் வெளியிட்ட முறை இது. ஒவ்வொரு மணிக்கும் நியூட்டனின் இரண்டாம் விதி. தொட்டால் தள்ளு, உரசினால் தடு. சரி, யார் யாரைத் தொடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரு லட்சம் மணிகளை ஜோடி ஜோடியாகப் பார்த்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடி. அதுவும் ஒவ்வொரு நேரப்படிக்கும், அதாவது கணக்கு முன்னேறும் ஒவ்வொரு சின்ன நேரத் துணுக்குக்கும்!

இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் வருகிறது. வெளியைக் கனசதுரப் பெட்டிகளாகப் பிரியுங்கள். மணியின் ஆயத்தொலைவைப் பெட்டி அகலத்தால் வகுத்து, தசமத்தைத் தூக்கி எறியுங்கள். மிஞ்சும் முழு எண்தான் அதன் விலாசம். பக்கத்தில் யார் என்று எவரையும் கேட்காமலே, ஒரே வகுத்தலில் கிடைத்துவிடுகிறது! அப்புறம் தன் பெட்டியையும் சுற்றியுள்ள 26-ஐயும் பார்த்தால் போதும். பெட்டி அகலம் விட்டத்துக்குச் சமமென்றால், நெருக்கமான குவியலில் ஒரு மணிக்குச் சோதிக்க வேண்டியவை சுமார் 30. அகலத்தை இரட்டிப்பாக்கினால் அது எட்டு மடங்காகி 250-ஐ நெருங்கும். விட்டத்தைவிடச் சின்னதாக வைத்துவிட்டு அதே 27-ஐ மட்டும் பார்த்தால் சில தொடுகைகள் தப்பிவிடும். தப்பாமலிருக்க அதிகப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும், வெற்றுப் பெட்டிகளும் நினைவகத்தைத் தின்னும்.

பெரிய மணியும் பொடி மணியும் கலந்திருந்தால்தான் வில்லங்கம். விட்டம் பத்துக்கு ஒன்று என்றால், பெரியதன் அளவுப் பெட்டியில் பொடி மணி ஆயிரத்துக்கும் மேல் அடைந்துவிடும். அளவுக்கொன்றாகத் தனித்தனிக் கட்டவலை போடுவது அதனால்தான். பழைய கோப்பிலிருந்த பெட்டி அளவை மந்திரம்போல ஒட்டிவைக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மெஷ் கதை வேறு. மணிகளை உள்ளே வைத்துச் சுழற்றும், 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையை 24 தட்டைப் பட்டைகளால் செய்தால், பட்டையின் நடுப்பகுதி உண்மையான வளைவிலிருந்து 0.86 மில்லிமீட்டர் உள்ளே வந்துவிடும். மணி 2 மில்லிமீட்டர் என்றால் அது கிட்டத்தட்ட பாதி விட்டம். உருளை சுழலும்போது ஒவ்வொரு விளிம்பும் குவியலை லேசாகத் தூக்கிவிடும். 72 பட்டை போட்டால் 0.1-க்கும் கீழே இறங்கிவிடும். தட்டைச் சுவருக்கோ இரண்டு முக்கோணம் போதும். அதை ஆயிரமாக நறுக்கினால் துல்லியம் கூடாது, கணினிதான் முனகும்.