இளைப்பு முற்றி வருபவரிடம் குளியலைப் பற்றி ஏன் கேட்கிறோம்?

சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய் திடீரென்று முற்றி ஒருவரை வார்டுக்குக் கொண்டுவந்தால், நான் வீட்டாரிடம் முதலில் கேட்கும் கேள்வி இது: "போன மாசம் அண்ணாச்சி தானே குளிச்சு வேட்டி மாத்திக்கிட்டாரா, யாராவது கூட நிக்கணுமா?" அப்பா மூச்சுக்குத் தவிக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மகனுக்கு எரிச்சல் வரும். "நல்லாத்தான் சார் இருந்தாங்க, நேத்து ராத்திரியிலேருந்துதான்" என்பார்.

பெரும்பாலும் அது சரியான பதில் இல்லை. முன்பு ஆலங்குளம் பஸ் ஏறிப் போய் வந்தவர் பிறகு தெருமுக்கோடு நின்றிருப்பார், அப்புறம் திண்ணையோடு. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இப்படிச் சேர்க்கப்படுபவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோகும் அபாயம் எவ்வளவு என்று கணிக்க 'டிகாஃப்' என்றொரு மதிப்பெண் முறை உண்டு. இங்கிலாந்தில் 920 நோயாளிகளைக் கவனித்து 2012-இல் வெளியிட்டார்கள். பார்ப்பது ஐந்தே விஷயங்கள். நோய் முற்றுவதற்கு முன்பே மூச்சுத்திணறல் எவ்வளவு இருந்தது, ரத்தத்தில் ஈசினோஃபில் என்னும் ஒருவகை வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டனவா, எக்ஸ்ரேயில் நிமோனியா திட்டு தெரிகிறதா, ரத்தத்தில் அமிலம் கூடி அதன் பிஎச் 7.30-க்குக் கீழே போய்விட்டதா, இதயம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பில் இருக்கிறதா. மொத்தம் 6 மதிப்பெண். முதல் விஷயத்துக்கு மட்டும் 2 வரை தருகிறார்கள். துணையில்லாமல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவருக்கு 1, குளிக்கவும் உடுத்தவும்கூட ஆள் வேண்டும் என்றால் 2. அதற்குத்தான் என் கேள்வி.

அந்த ஆய்வில் 0 அல்லது 1 வாங்கியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். 3 வாங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 4 என்றால் கிட்டத்தட்டப் பாதிப் பேர். வயது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. 'வயசாயிட்டு, இனி என்ன' என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் இதை அப்படியே பொருத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய காசநோய்த் தழும்பு பலருடைய நுரையீரலில் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் அதுவும் திட்டாகத்தான் தெரியும். போன வருஷத்துப் படம் கையில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெளிவாகிவிடும். அப்புறம், சிஓபிடி என்றாலே பீடி குடிக்கும் ஆண்களின் நோய் என்ற நினைப்பு. திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி காய்ச்சியே காலம் கழித்த அம்மாக்களும் விறகடுப்பை ஊதியவர்களும் எங்கள் வார்டில் படுத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் போடக் காத்திராமல் வீட்டாரே கண்டுகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "விடிய விடிய உக்காந்தே இருந்தாவ, இப்பதான் கண்ணசந்தாவ, எழுப்பாதீய" என்று மனைவி சொல்வார். அது தூக்கமாக இல்லாமல், கரியமில வாயு ரத்தத்தில் ஏறி வரும் மயக்கமாக இருக்கலாம். இரைப்புச் சத்தம் அடங்கிவிட்டதும் நல்ல அறிகுறி என்று சொல்ல முடியாது. காற்றே போகாவிட்டாலும் சத்தம் வராது. உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நேரத்தில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பைபாப் முகமூடியை மாட்டினால் பலர் மீள்கிறார்கள்.

ஆக்ஸிஜன் குமிழைத் திருகிக் கூட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இவர்களுக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே அளவோடு ஆக்ஸிஜன் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த அந்த முடிவில், தாராளமாகக் கொடுத்தவர்களைவிட இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது.

மதிப்பெண் கூடினால் கைவிடுவதாக அர்த்தமில்லை. அவரை ஐசியு பக்கத்தில் வைத்துக்கொள்ளவும், வீட்டாரிடம் மறைக்காமல் பேசவும்தான் அது. குறைந்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம்.

அடுத்த முறை 108-ஐக் கூப்பிடும்போது பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, இன்ஹேலர் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். காப்பீட்டு அட்டையோடு மகன் ஏறுவார், சரி. தினமும் வெந்நீர் வைத்துக் கொடுக்கும் மருமகளோ பேத்தியோ அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். என் முதல் கேள்விக்குப் பதில் அவரிடம்தான் இருக்கும்.