பிளானில் 22 படி, செக்‌ஷனில் 24

கட்டடக்கலை மாணவர்களின் வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு வந்திருந்த மூத்த கட்டடக்கலைஞர் அதிகம் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஷீட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். கட்டடத்தை மேலிருந்து காட்டும் பிளானில் மாடிப்படி இருந்த இடத்தில் பென்சில் முனையை வைத்து வாய்க்குள்ளேயே எண்ணினார். பிறகு கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் செக்‌ஷனுக்குப் போய் அங்கேயும் எண்ணினார்.

"இதுல 22, அதுல 24. இதுல எது உங்க கட்டடம்?"

ஐந்து பேர் கொண்ட குழு. ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளான் வரைந்த பெண் தள உயரத்தை 3.3 மீட்டர் என்று வைத்திருந்தாள். செக்‌ஷன் வரைந்த பையன் 3.6 மீட்டர் என்று வைத்திருந்தான். படி ஒன்றின் உயரம் 150 மில்லிமீட்டர் என்றால் முன்னதற்கு 22 படி, பின்னதற்கு 24. இருவர் கணக்கிலும் பிழையில்லை. தள உயரத்தை யார் முடிவு செய்தது என்று பிறகு நான் விசாரித்தபோது, ஒவ்வொருவரும் வேறு யாரோ முடிவு செய்துவிட்டதாக நினைத்திருந்தது தெரிந்தது. மாடல் செய்தவர் இரண்டு ஷீட்டையும் பார்த்துக் குழம்பி, எதற்கு வம்பு என்று இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை வைத்து வெட்டியிருந்தார்.

அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். முந்தைய மூன்று இரவும் கண் மூடவில்லை என்பதை முகமே சொன்னது. ஒரு பக்கம் தொழில், ஒரு பக்கம் மாணவர்கள் வடிவமைத்துப் பழகும் ஸ்டூடியோ வகுப்பு என்று பல வருடங்களாக இரண்டு இடத்திலும் இருக்கிறேன். வேலை அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு மாணவர் உடைந்துபோய் நான் பார்த்தது குறைவு. யார் முடிவெடுப்பது என்றே தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும் வேலைதான் ஆளைத் தின்கிறது.

ஒரு கட்டுரையை ஐந்து பேர் பிரித்து எழுதி, கடைசியில் ஒட்டிவிடலாம். கட்டடத்தை அப்படிப் பிரிக்க முடியாது. கீழே வண்டி நிறுத்த வசதியாக ஒரு தூணை அரை மீட்டர் நகர்த்தினால் மேலே ஓர் அறை மாறும், வெளிமுகப்பைக் காட்டும் எலிவேஷனில் ஜன்னல் மாறும், பாதி ஒட்டிய மாடலைப் பிய்க்க வேண்டியிருக்கும். ஐந்து பேருக்குள் பேசிக்கொள்ள 10 ஜோடிகள் உண்டு. தூண் நகர்ந்த செய்தி இத்தனை வழிகளில் எங்கே நின்றுபோனாலும் அங்கே ஒரு பழைய கட்டடம் தனியாக வளர்ந்துகொண்டிருக்கும். இரவு ஒரு மணிக்குக் குழுவில் போட்ட மெசேஜை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று நம்புவது தனி மூடநம்பிக்கை.

மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்துச் சோதித்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட மொத்த இழுவிசை கூடியது, ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது தலைக்குக் கிட்டத்தட்டப் பாதிதான் தேறியது. ஆட்கள் ஏய்த்தார்கள் என்று அவர் அவசரப்பட்டுச் சொல்லிவிடவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததைத்தான் முக்கியக் காரணமாகக் கருதினார். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எல்லோரும் ஒரே சமயத்தில் வலிக்க ஒரு குரல் தேவைப்படுகிறதே, அதேதான்.

ஸ்டூடியோவில் அந்தக் குரல் ஏன் எழுவதில்லை? நட்பு. "மேம், நாங்க அஞ்சு பேரும் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து ஒண்ணா இருக்கோம், எங்களுக்குள்ள பிரச்சினையே வராது" என்று சொல்லிக்கொண்டு வரும் குழுவைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை அதிகம். ஐந்து பேரும் ஐந்து கான்செப்ட் கொண்டுவருவார்கள். நான்கைத் தள்ள வேண்டும். ஆனால் இந்தப் படிப்பில் ஸ்கெட்ச்சைத் தள்ளினால் ஆளையே தள்ளிவிட்டதுபோல் வலிக்கும். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. ஒருவருடைய முற்றம், இன்னொருவருடைய வளைந்த கூரை, மூன்றாமவருடைய சாய்தளம் எல்லாம் ஒரே சைட்டில் குடியேறும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இவர்கள் எல்லா மரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிவைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்ட 'வேண்டாம்' கடைசி வாரத்தில் கத்தலாக வெளிவரும்.

புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் வால்டர் கிராப்பியஸ் 1945இல் ஏழு இளம் கட்டடக்கலைஞர்களுடன் சேர்ந்து 'தி ஆர்க்கிடெக்ட்ஸ் கொலாபரேட்டிவ்' என்ற அலுவலகத்தைத் தொடங்கினார். கூட்டுவேலைதான் அதன் கொள்கையே. ஒருவர் வடிவமைப்பை மற்றவர்கள் உட்கார்ந்து விமர்சிப்பார்கள். ஆனாலும் ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் கருத்து வேறாக இருந்தாலும் இறுதி முடிவு அவருடையதுதான் என்பதில் கிராப்பியஸ் தெளிவாக இருந்தார். கூட்டுவேலையைக் கொள்கையாகவே கொண்டவர்களுக்கும் அது தேவைப்பட்டது.

எல்லாக் குழுவிலும் ஒரு 'வேலை செய்யாதவன்' இருப்பதாகச் சொல்லப்படும். அப்படி ஒரு புகாரோடு ஒரு முறை நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். "மேம், அவன் எதுவுமே பண்றதில்ல. மெசேஜ் போட்டா பாக்குறான், பதில் போட மாட்டேங்குறான். அவன் பேரை எடுத்துடலாமா?" எடுப்பது இருக்கட்டும், முதலில் உங்கள் ஃபைல்களைக் காட்டுங்கள் என்றேன். பழைய ஃபோல்டரில் அந்தப் பையன் வரைந்த இரண்டு செக்‌ஷன்கள் இருந்தன. சுமாரான வரைவு, கோட்டின் தடிமன்கள் சரியில்லை, ஆனால் தவறில்லை. இரண்டையுமே குழுத்தலைவி ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மறுபடி வரைந்து மாற்றியிருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, ஷீட்டுகளைச் சுவரில் மாட்டிப் பேசும் பின்-அப்பில் தன் செக்‌ஷன் இருந்த இடத்தில் வேறொன்றைப் பார்த்திருக்கிறான். இரண்டாம் முறையும் அப்படியே நடந்திருக்கிறது. மூன்றாவது செக்‌ஷனை அவன் வரையவேயில்லை.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எப்படியும் அவங்க மாத்திடுவாங்க, மேம். நான் எதுக்கு?" என்றான், கோபம்கூட இல்லாமல்.

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஏனென்றால் மாணவியாக இருந்தபோது நான் அவள்தான். மற்றவர்கள் தூங்கப் போனபிறகு அவர்களுடைய பிளானைத் திறந்து 'சரி' செய்வேன். அதைப் பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். பல வருடம் கழித்து என் அலுவலகத்தில் ஜூனியர்கள் பாதி வேலையை என்னிடம் காட்டவே தயங்கினார்கள், முழுதாக முடிந்தபிறகுதான் எடுத்துவந்தார்கள். அப்போது எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் தானே சுமப்பவருக்கு முதுகு உடையும், கூட இருப்பவருக்குக் கை மரத்துப்போகும்.

உண்மையிலேயே நழுவுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. உளவியலாளர் பிப் லட்டானேயும் சக ஆய்வாளர்களும் 1979இல் ஆட்களைக் கை தட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டத்தோடு சேரும்போது ஒவ்வொருவரும் குறைவாகவே கத்தினார்கள். தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் அந்தக் குறைவு மறைந்துவிடுகிறது என்று அடுத்தடுத்த சோதனைகள் காட்டின. ஆகவே திட்டுவதைவிட, எந்த ஷீட் யாருடையது என்று வெளிப்படையாக எழுதிவைப்பது நன்றாக வேலை செய்யும். ஒருவருக்கு ரெண்டர், அதாவது கட்டடம் நிஜத்தில் எப்படித் தெரியும் என்று காட்டும் படம், நன்றாக வரும் என்பதற்காக ஐந்து வருடமும் அவரை ரெண்டரிலேயே கட்டிப்போடுவதும் நியாயமில்லை. அவரும் ஒரு செக்‌ஷனாவது யோசித்துப் பழக வேண்டாமா?

இன்னொரு சங்கதி. யார் எவ்வளவு செய்தோம் என்ற சண்டையில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுவேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தம்பதிகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் பதிலையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. தான் செய்தது நினைவில் பளிச்சென்று நிற்கும், அடுத்தவர் செய்தது மங்கலாகத்தான் இருக்கும். ஐந்து பேரைக் கேட்டால் மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் போடுவதைச் சின்ன விஷயம் என்று விடவும் முடியாது. 1991இல் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் ராபர்ட் வென்ச்சுரிக்கு மட்டும் தரப்பட்டது, உடன் உழைத்த மனைவி டெனிஸ் ஸ்காட் பிரவுன் பெயர் அதில் இல்லை. அவரையும் சேர்க்கக் கோரி 2013இல் மனு இயக்கம் நடந்தும் அந்த முடிவு மாறவில்லை. போர்ட்ஃபோலியோவில் குழு வேலையைப் போடும்போது இதில் நான் செய்தது இது, மற்றவர்கள் இவர்கள் என்று எழுதப் பழகுங்கள்.

என் குழுக்களிடம் முதல் நாளே அரை மணி நேரம் கட்டடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சொல்வேன். ஒருவருக்கு முதல் மதிப்பெண் வேண்டும், இன்னொருவருக்குப் பாஸானால் போதும், மூன்றாமவர் மாலையில் வேலைக்குப் போகிறார், நான்காமவர் வீட்டில் ஒரு நோயாளி. நான்காவது வாரத்தில் 'உனக்கு அக்கறையே இல்ல' என்று வெடிக்கப்போவதை முதல் நாளே சாதாரணமாகச் சொல்லிவிடலாம்.

அடுத்தது ஒரு தாள். சுவரில் ஒட்டிய ஒரே ஒரு தாள். தரைமட்டம், தள உயரம், தூண்கள் நிற்கும் கட்டக்கோடுகளான கிரிட், வடக்கு எந்தப் பக்கம், ஃபைலில் அளவுகள் தொடங்கும் புள்ளியான ஒரிஜின் எங்கே, அலகு மீட்டரா மில்லிமீட்டரா என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் தேதியும். மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பெயருக்குரியவர் பேனாவால் அடித்து மாற்றுவார், வேறு யாரும் கைவைக்கக் கூடாது. 22-24 கதையை இந்தத் தாள் தடுத்திருக்கும். வடிவமைப்பை உறையவைக்கும் தேதியும் அதிலேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு அழகான யோசனை வந்தாலும் அடுத்த புராஜெக்டுக்குத்தான்.

ஆசிரியரிடம் போவதைக் காட்டிக்கொடுப்பது என்று நினைக்காதீர்கள். ஜூரிக்கு முந்தின நாள் வந்தால் என்னால் ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடியும், மூன்றாவது வாரத்தில் வந்தால் ஏதாவது செய்ய முடியும். 'அவன் சோம்பேறி' என்று வராமல், 'இந்த செக்‌ஷன் பத்து நாளாக வரவில்லை, இரண்டு முறை கேட்டோம்' என்று வாருங்கள்.

தூக்கத்தைப் பற்றிப் பேசினால் எங்கள் தொழிலில் சிரிப்பார்கள். கடைசி நேர ஓட்டத்துக்கு 'ஷாரெட்' என்றுதான் பெயரே. பாரிஸின் எக்கோல் தெ போஸார்ஸில் 19ஆம் நூற்றாண்டில் மாணவர்களின் வரைபடங்களைச் சேகரிக்க வந்த தள்ளுவண்டியைக் குறித்த சொல் அது. வண்டி நகரும்போதும் விடாமல் வரைந்துகொண்டே போனார்கள் என்று சொல்வதுண்டு. அந்தக் கதையை நாங்கள் வீரகதையாகச் சொல்லியே கெடுத்துவிட்டோம். ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் செயல்திறன் இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமமாகக் குறைகிறது என்றது. 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 0.10 சதவீதம். அந்த நிலையில்தான் கையில் கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்து ஃபோம் போர்டு வெட்டுகிறீர்கள், ஜன்னலை மூடிக்கொண்டு ஒட்டும் ஸ்பிரே அடிக்கிறீர்கள், விடிந்ததும் வண்டி ஓட்டுகிறீர்கள். விரலில் தையலோடு ஜூரிக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடல் வேலையைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் வெட்டுவதற்கு முன்பாவது ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள், விடியலில் வண்டியைத் தொடாதீர்கள்.

சப்மிஷன் முடிந்து நன்றாகத் தூங்கியதும் சரியாகிற களைப்பு வேறு. நேரம் இருந்தும் தூக்கம் வரவில்லை, குழுவின் மெசேஜ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். நண்பர் ஒருவர் அப்படிப் பேசினால் ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு அவரோடு இருங்கள். பொறுப்பான ஒருவரிடம் அழைத்துப்போகும்வரை அவரை விட்டு நகர வேண்டாம். ஷீட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தரப்பிலும் குற்றம் உண்டு. குழுவாக வேலை செய்யக் கற்றுத்தராமலேயே குழு வேலையைக் கொடுக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு சப்மிஷன், பத்து மணிக்கு ஜூரி என்று போட்டுவிட்டு, ஏன் தூங்கவில்லை என்றும் கேட்கிறோம். சில வருடங்களாக என் ஸ்டூடியோவில் சப்மிஷன் ஜூரிக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு. ஐந்துக்கு மேல் கதவைப் பூட்டிவிடுவேன். முதல் தடவை பெரிய எதிர்ப்பு, ஒரு ராத்திரியைத் திருடிவிட்டேன் என்றார்கள். இப்போதும் அதற்கு முந்தின இரவு விழிக்கத்தான் செய்கிறார்கள், அதை என்னால் நிறுத்த முடியவில்லை. ஆனால் ஜூரியில் யாராவது பென்சிலை வைத்துப் படிகளை எண்ண ஆரம்பித்தால், எத்தனை படி என்று அவர்களுக்கே நினைவிருக்கிறது.