விஷமில்லாமல் விரியனைத் தின்னும் கிங் ஸ்நேக்

கிண்டி பாம்புப் பண்ணையில் ராஜநாகத்தைப் பார்த்தவர்களுக்குப் பாம்பைத் தின்னும் பாம்பு புதிதல்ல. சென்னைப் புறநகரில் இரவில் திரியும் கட்டுவிரியனும் பிற பாம்புகளைத் தின்னும். இவை இரண்டுமே கடித்து, விஷம் ஏற்றித்தான் இரையைக் கொல்கின்றன. வட அமெரிக்காவில் வாழும் கிங் ஸ்நேக்கிடம் விஷமே கிடையாது. ஆனாலும் அது கிலுகிலுப்பை விரியன் (ராட்டில் ஸ்நேக்) என்ற விஷப்பாம்பைப் பிடித்துத் தின்கிறது. எனக்குத் தெரிந்த பாம்புகளில் இவ்வளவு வியக்க வைத்தது வேறில்லை.

ராஜநாகத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. உருவத்திலும் இது சிறியது, பெரும்பாலும் மூன்று நான்கு அடி நீளம்தான் இருக்கும். செதில்கள் வழுவழுப்பாகப் பளபளக்கும். கிழக்கு அமெரிக்காவில் கறுப்பு உடலில் வெள்ளைச் சங்கிலிக் கோடுகள் ஓடும். கலிஃபோர்னியாவில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். அங்கேயே சில இடங்களில் முதுகு நெடுக ஒரே கோடு போட்ட பாம்புகளும் உண்டு. ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு வகைக் குட்டிகளும் வரலாம்! இன்னொரு வகை சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வளையங்களோடு கொடிய பவளப்பாம்பின் சாயலில் இருக்கும். நம் வீடுகளுக்குள் வரும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்துப் பயப்படுகிறோமே, அங்கே பருந்தும் நரியும் அப்படித்தான் ஏமாறுகின்றன.

சரி, விஷமில்லாமல் எப்படிக் கொல்கிறது? முதலில் வாயால் கவ்விக்கொள்ளும், பிறகு உடலைச் சுற்றி இறுக்கும். கிங் ஸ்நேக்கையும் அதற்கு இரையாகும் அமெரிக்க எலிப்பாம்பையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டுக்கும் தசையின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கிங் ஸ்நேக்கின் பிடியில் அழுத்தம் அதிகம். எலிப்பாம்பு ஒழுங்கில்லாமல் சுற்றிக்கொள்ளும். கிங் ஸ்நேக்கோ நெருக்கமான, சீரான சுருள்களாகச் சுற்றும். அந்த நேர்த்தியில்தான் வலு கூடுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறுக்கும் பாம்புகள் இரையை மூச்சுத்திணற வைத்தே கொல்கின்றன என்று வெகுகாலம் நம்பப்பட்டது. ஆனால் எலியை இறுக்கும் போவா பாம்பை ஆராய்ந்தபோது, எலியின் ரத்த ஓட்டம் சில நொடிகளிலேயே தடுமாறிப்போவது தெரிந்தது.

விரியன் சும்மா இருக்காது, திருப்பிக் கடிக்கும். அந்தக் கடியைத் தாங்க உதவுவது கிங் ஸ்நேக்கின் ரத்தம். அதிலுள்ள சில புரதங்கள் அமெரிக்க விரியன்களின் விஷத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. நம் விஷமுறிவு மருந்தும் விஷத்தைப் பிடித்து முடக்கித்தான் வேலை செய்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் இருளர்கள் பாம்புகளிடமிருந்து விஷம் எடுக்கிறார்கள். அந்த விஷத்தை மருந்து நிறுவனங்கள் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துகின்றன. குதிரையின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்தான் நமக்கு மருந்தாகிறது. கிங் ஸ்நேக்குக்கு அந்தப் பயிற்சி தேவையில்லை, பிறவியிலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் உலகத்து விஷம் எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்காது. தலைமுறை தலைமுறையாகத் தான் தின்று வந்த விரியன்களின் விஷத்துக்கு எதிராக உருவானது அது.

கிலுகிலுப்பை விரியனுக்கும் இது தெரிந்ததுபோலத்தான் நடந்துகொள்ளும். கிங் ஸ்நேக்கின் தோல் வாசனை பட்டதும், கடிக்கச் சீறாமல் தலையைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடு உடலை வளைவாகத் தூக்கி எதிரியை அடிக்கப் பார்க்கும்.

பிடித்த இரை தன்னைவிட நீளமாக இருந்தாலும் கிங் ஸ்நேக் விடாது. துணியை மடித்துப் பைக்குள் திணிப்பதுபோல, இரையின் முதுகெலும்பை அலை அலையாக வளைத்து உள்ளே தள்ளிக்கொள்ளும். தலையிலிருந்து தொடங்கி, தாடையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி நகர்ந்து விழுங்கும்.

பாம்பு மட்டுமே உணவு என்பதில்லை. எலி, பல்லியினம், பறவை முட்டை, ஆமை முட்டை எதுவும் அகப்பட்டால் போதும். கோடை வெயிலில் பகலில் பதுங்கி, அந்தியிலும் இரவிலும் வேட்டையாடும். குளிர்காலத்தை வளைக்குள் கழிக்கும்.

இப்படி எதையும் தின்பதுதான் ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் பெரும் துயரமாகிவிட்டது. ஆட்கள் செல்லமாக வளர்த்த கலிஃபோர்னிய கிங் ஸ்நேக்குகள் தப்பி, பாம்பே இல்லாத அந்தத் தீவில் பெருகின. அவை பரவிய பகுதிகளில், உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத பெரிய பல்லி இனம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. சென்னை விமான நிலையத்தில் கடத்தி வரப்பட்ட வெளிநாட்டுப் பாம்புகள் பிடிபட்ட செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பல்லிகள்தான் நினைவுக்கு வருகின்றன. தீவில் ஆயிரக்கணக்கில் பிடித்தும் பாம்புகள் தீரவில்லை. பெரும்பாலான நேரம் அவை மண்ணுக்கடியில் ஒளிந்திருப்பதால், தேடிப் போகிறவர்கள் கண்ணில் படுவதே கொஞ்சம்தான்.