வாட் எண்ணை மட்டும் பார்த்து எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருபவர்கள் பெரும்பாலும் கையில் பட்டியலோடுதான் வருகிறார்கள். கிராபிக்ஸ் கார்டு முதல் வரியில் இருக்கும். புராசஸர், ரேம், மானிட்டர், விளக்கு எரியும் கேபினட் என்று கீழே இறங்கி, கடைசி வரியில் எஸ்எம்பிஎஸ் வரும். சுவரிலிருந்து வரும் கரண்ட்டை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பெட்டி அது. அதற்குள் பட்ஜெட் தீர்ந்திருக்கும். "ஏதாவது ஒரு 500 வாட் போட்டுடுங்கண்ணா, போதும்" என்பார்கள். முப்பதாயிரம் ரூபாய் கார்டுக்கு ஆயிரத்துச் சொச்ச ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கரண்ட் கொடுக்கும் இந்தப் பழக்கம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ரேமோ ஹார்ட் டிஸ்க்கோ பழுதானால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மோசமான எஸ்எம்பிஎஸ் போனால் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம். எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் வயர் போகிறது.

சர்வீஸுக்கு வரும் புகார்களில் ஒன்று ஓயாமல் வரும். "படம் பார்த்தா, பிரவுஸ் பண்ணா ஒரு பிரச்சினையும் இல்லை. கேம் போட்டா கொஞ்ச நேரத்துல பட்டுன்னு ஆஃப் ஆகிடுது." நீலத்திரை வராது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு மட்டும் கிடக்கும். முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. பலர் கிராபிக்ஸ் கார்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதை விற்கக்கூடத் தயாராக வருகிறார்கள். கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அந்த ஸ்டிக்கரில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பார்கள். இன்றைய கம்ப்யூட்டரில் புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அதனால் அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் 45 ஆம்பியர் என்று இருந்தால் 540 வாட். கிட்டத்தட்ட மொத்தமும் வேலைக்கு உதவும் இடத்தில் இருக்கிறது. பெட்டியில் பெரிதாக 500 வாட் என்று போட்ட மலிவு ரகத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தால் 192 வாட்தான். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக்காக ஏற்றப்பட்டவை. கேபினட்டோடு சேர்த்தே கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்களை முதலில் இப்படிச் சோதியுங்கள். சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட்டை இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். அந்த இரண்டையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் எத்தனை வாட் என்று கீழே இருக்கும், அதுதான் கணக்கு. அந்த வரியே இல்லையென்றால் நான் அந்தப் பொருளைத் தொடமாட்டேன்.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். அதோடு இன்டெல் ஐ5 12400எஃப் போட்டால், பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் ஒரு 60 வாட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300-க்குள் முடிந்துவிட்டது. உண்மையான 550 வாட் தாராளம். ஆர்டிஎக்ஸ் வரிசையின் நிறுவனமான என்விடியாவும் அந்தக் கார்டுக்கு அதையேதான் பரிந்துரைக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் கார்டு மட்டும் 250 வாட், அதற்கு 650 வாட் சொல்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 5090 தனியாக 575 வாட் கேட்கும். அது 1000 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ளவர்கள் பேச வேண்டிய விஷயம். 4060 வாங்குபவரிடம் "ஃபியூச்சர் புரூஃப்" என்று சொல்லி 850 வாட்டைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பணத்தில் நல்ல தரமான 550-ஓ 650-ஓ வாங்கிவிடலாம்.

கூட்டிய தொகைக்கு மேல் கொஞ்சம் இடம் விடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கிராபிக்ஸ் கார்டு சீராக கரண்ட் எடுப்பதில்லை. காட்சி மாறும்போது விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் வழக்கமான அளவைத் தாண்டி எகிறி இழுக்கும். சராசரியைக் காட்டும் மீட்டரில் இது தெரியாது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட்டுக்குத் தெரிந்துவிடும். ஓவர்லோடு என்று எண்ணி அது அணைத்துவிடும். 2020-ல் வந்த கார்டுகளில் இந்தத் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டது. எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே ஒரு நிபந்தனை வைத்தது: கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டர் உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் அளவைப்போல இரண்டு மடங்கு இழுப்பை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும். இப்போது புதிதாக வாங்குபவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டதைக் கேட்டு வாங்குவது நல்லது.

அப்புறம் 80 பிளஸ். பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்ற இந்த முத்திரைகளைத் தரச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். அது திறனுக்கான சான்றிதழ் மட்டும்தான். சுவரிலிருந்து எடுக்கும் கரண்ட்டில் எவ்வளவு கம்ப்யூட்டருக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. 300 வாட் லோடில் 85 சதவீதத் திறன் உள்ளது சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும்; 90 சதவீதம் உள்ளது 333 வாட் எடுக்கும். வித்தியாசம் 20 வாட். தினம் நான்கு மணி நேரம் விளையாடினால், இரண்டு மாத மின் கட்டணத்தில் ஐந்து யூனிட்கூட வராது. மின் கட்டணத்தை நினைத்து கோல்டு வாங்க வேண்டியதில்லை. கோல்டு ரகங்களில் உள்ளே இருக்கும் பாகங்களும் பொதுவாக நன்றாக இருக்கும் என்பதால் வாங்கலாம், ஆனால் அதற்கு முத்திரை உத்தரவாதம் தராது. அந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி வெப்பத்தில். மே மாதத்து மதுரையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத மாடி அறையில் ஓடும் கேபினட்டுக்குள் இருக்கும் சூடு வேறு. முழு வாட்டையும் எத்தனை டிகிரி வரை தரும் என்று நிறுவனத்தின் விவரத்தாளில் பாருங்கள். 40 டிகிரி என்று போட்டதைவிட 50 டிகிரி என்று போட்டது நமக்கு ஏற்றது. உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் 85 டிகிரி ரகமா 105 டிகிரி ரகமா என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கும்.

பிராண்டு பெயர் மட்டும் போதுமா என்றால் போதாது. பெரிய நிறுவனங்களில் பல, தாங்களே எஸ்எம்பிஎஸ் தயாரிப்பதில்லை. சீசானிக், சிடபிள்யூடி போன்றவர்களிடம் செய்து வாங்கித் தங்கள் பெயரைப் போடுகின்றன. ஒரே பிராண்டில் மிக நல்ல வரிசையும் இருக்கும், சுமாரான வரிசையும் இருக்கும். 2021-ல் நன்கு தெரிந்த ஒரு நிறுவனத்தின் 750, 850 வாட் மாடல்கள் சோதனைகளில் வெடித்து, அந்த நிறுவனமே ஓவர்லோடு பாதுகாப்பின் அளவைக் குறைத்து மாற்ற வேண்டி வந்தது. அவற்றுக்கும் கோல்டு முத்திரை இருந்தது. எனவே மாடல் பெயரை முழுதாகக் குறித்துக்கொண்டு, எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்து, லோடு கொடுத்துச் சோதிப்பவர்களின் விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள். ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட், அதிகச் சூடு, இந்த நான்குக்கும் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். வாரண்டி எத்தனை ஆண்டு என்பதும் ஒரு நல்ல அடையாளம். தன் பொருள்மேல் நம்பிக்கை உள்ள நிறுவனம்தான் ஏழு, பத்து ஆண்டு என்று கொடுக்கும்.

நம் ஊருக்கென்றே உள்ள பிரச்சினை யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும். "யூபிஎஸ் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுது" என்று யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பாட்டரி நன்றாகத்தான் இருக்கும். வீட்டு யூபிஎஸ் மெயின்ஸிலிருந்து பாட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் எடுக்கும். அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மலிவு ரகத்தில் முதலில் சின்னதாக்கப்படும் பாகங்களில் அதுவும் ஒன்று. இன்னொன்று, 600 விஏ யூபிஎஸ் என்றால் 600 வாட் இல்லை, வழக்கமாக 360 வாட்தான். மானிட்டரும் அதில்தான் இருக்கிறது. கேம் ஓடும்போது கரண்ட் போனால் ஓவர்லோடு ஆகி யூபிஎஸ்ஸே அணைந்துவிடலாம். அதோடு, நல்ல எஸ்எம்பிஎஸ்களில் மெயின்ஸிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்க ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் இருக்கும். சதுர அலை தரும் மலிவு யூபிஎஸ், இன்வெர்ட்டர்களோடு அந்த எஸ்எம்பிஎஸ்களில் சிலவற்றுக்கு ஒத்துப்போவதில்லை. வசதியிருந்தால் மெயின்ஸைப் போலவே சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் ரகத்துக்குப் போங்கள். வீட்டு இன்வெர்ட்டரில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், அதன் பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று லேசாக ஷாக் அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று உடனே மாற்ற வேண்டாம். வீட்டில் எர்த் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட்டின் உடம்பில் கசிவு வோல்டேஜ் நிற்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்யுங்கள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகள் புழங்கும் வீடு.

கேபிள்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின்களின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் சொருகினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க்குகள் மொத்தமாக எரியலாம். கூடவே வருஷக்கணக்கான போட்டோக்களும் போகலாம். இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா கனெக்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குப் போடும் மலிவு அடாப்டர். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் சேர்ந்து தாங்குவது 54 வாட்தான். கார்டின் 8 பின் கனெக்டர் 150 வாட் வரை இழுக்கலாம். உருகிய சாட்டா கனெக்டர்கள் சர்வீஸ் மேசைக்கு வருவது இதனால்தான். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனிக் கேபிளாகவே இழுங்கள். 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாமல் கடைசி வரை அழுத்திச் சொருகுங்கள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகியதற்கு, முழுதாகச் சொருகாதது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. சொருகிய இடத்துக்கு ஒட்டியே வயரை மடக்காதீர்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து தூசு தட்ட நினைப்பவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து பிளோயர் அடித்தால் போதும், ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். கருகிய வாடை வந்ததையோ, காரணமில்லாமல் அணைந்ததையோ தம்பியின் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள், யாருக்கும் விற்கவும் வேண்டாம். மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.